ஒரு பழைய குறுந்தகடும் அதிலுள்ள முழுக் கதையும்: வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே பழைய இசைக் குறுந்தகடுகளை வாங்கி விற்கிறேன். வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்களின் பரணிலிருந்தும், வீடு மாற்றும்போது பழைய பேப்பர்க் கடைக்குப் போகவிருந்த பெட்டிகளிலிருந்தும் வந்தவையே பெரும்பாலானவை. இப்போது கையிருப்பில் உள்ளவற்றுள் அதிகமானோர் விசாரிப்பது ஒன்றைத்தான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரைச் சேர்ந்த ‘ஆஃப் மாண்ட்ரியல்’ குழு, பாலிவினைல் என்னும் இசை வெளியீட்டு நிறுவனத்தின் மூலம் 2007 ஜனவரியில் வெளியிட்ட ‘ஹிஸ்ஸிங் ஃபானா, ஆர் யூ தி டிஸ்ட்ராயர்?’ என்னும் தொகுப்பு அது. விசாரித்தவர்கள் கேட்டவற்றுக்கான விடைகள் இங்கே உள்ளன.

இது எந்த வகை இசை?

நடன பாப் என்பது அதன் எலும்பு; சைக்கடெலிக் என்னும் கனவுபோன்ற ஒலிப்பாணி அதன் தோல். அடியில் சீரான தாளமும் துள்ளும் பேஸ் கிட்டாரும் சிந்தசைசரும் ஓடுகின்றன. மேலே ஒரே மனிதரின் குரல், பல அடுக்குகளாகப் பதிவாகி, சில இடங்களில் பெண்குரல் அளவுக்கு உயர்ந்து, ஒன்றோடொன்று பேசிக்கொள்வதுபோல் ஒலிக்கிறது. குழுவின் பெயரில் வெளிவந்தாலும், இத்தொகுப்பின் பெரும்பகுதியை எழுதி, பாடி, வாசித்து, பதிவும் செய்தவர் அதன் தலைவரான கெவின் பார்ன்ஸ் ஒருவரே. அட்டை ஓவியம் அவருடைய சகோதரர் டேவிட் பார்ன்ஸ் வரைந்தது. காலைத் தாளம் போட வைக்கும் இசைக்கு மேல் மிகவும் இருண்ட சொற்களை வைத்திருப்பதே இதன் தனித்தன்மை; முதல்முறை கேட்கும் பலர் சொற்களைக் கவனிக்காமல் இதை ஒரு கொண்டாட்டத் தொகுப்பு என்றே எண்ணிவிடுகிறார்கள்.

‘கன்செப்ட் ஆல்பம்’ என்கிறார்கள். மற்றத் தொகுப்புகளிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

சாதாரணத் தொகுப்பில் பாடல்களின் வரிசையை மாற்றினால் பெரிய இழப்பு எதுவும் இல்லை. கன்செப்ட் ஆல்பத்தில் ஒரு கதையோ ஒரு மனநிலையோ முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல்வரை வளர்ந்து செல்கிறது. வரிசைதான் அதன் பொருள். நெல்லைச் சீமையில் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை என்பது என் எண்ணம். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, கதைக்குள் நுழைந்து, வாழி பாடி முடிப்பதுதான் அதன் முறை. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனாகப் பிறந்த பட்டன், வாலப்பகடையின் மகள்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணப்பதற்காகப் பூணூலை அறுத்து, குடுமியைக் களைந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்ளும் இடம் கதையின் நடுவில் வருகிறது. அந்த இடத்தைக் கேட்காமல், மாடு கவர வந்தவர்களோடு அவன் போரிட்டு மடியும் பகுதியை மட்டும் கேட்டவருக்குப் பட்டன் யார் என்பதே தெரியாது.

இந்த ஆங்கிலத் தொகுப்பிலும் நடுவில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. நான் வில்லுப்பாட்டை இழுத்து வந்ததற்கு அதுவே காரணம்.

அப்படியானால் இதில் வரும் கதை என்ன?

பார்ன்ஸ் நார்வேயில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வாழ்ந்த காலத்து மனச்சோர்வும், அதையொட்டி வந்த பிரிவும்தான் முதல் பாதி. தலைப்புகளிலேயே அந்த நாடு தெரிகிறது: நான்காம் பாடலின் தலைப்பில் ஒஸ்லோ நகரத் தெரு ஒன்றின் பெயரும், ஆறாம் பாடலின் தலைப்பில் காங்ஸ்விங்கர் என்னும் நார்வே ஊரின் பெயரும் உள்ளன. முதல் ஆறு பாடல்களும் பெரும்பாலும் குறுகியவை. இரண்டாம் பாடல் ஏறத்தாழ ஒரே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

ஏழாம் பாடல் மட்டும் 12 நிமிடத்துக்குச் சற்றே குறைவாக ஓடுகிறது. பல்லவி, சரணம் என்ற ஒழுங்கு எதுவுமின்றி, ஒரே தாளத்தின்மேல் சொற்கள் நிற்காமல் கொட்டிக்கொண்டே போகின்றன. உறவு உடைந்த ஒருவர் தன்னைத்தானே விசாரித்துக்கொள்ளும் நீண்ட வாக்குமூலம் அது. அந்தப் பாடலின் போக்கிலேயே, பாடும் மனிதர் ‘ஜார்ஜி ஃப்ரூட்’ என்னும் வேறோர் ஆளாக மாறிவிடுகிறார் என்று பார்ன்ஸ் விளக்கியிருக்கிறார். எட்டாம் பாடல் தொடங்கும்போது குரலின் தோரணையே வேறு: திமிர், கேலி, தாளத்தை முன்னிறுத்தும் ஃபங்க் இசையின் அசைவு. முத்துப்பட்டன் காதலைப் பெறுவதற்காகத் தன்னை மாற்றிக்கொண்டான். இங்கே காதல் போனபின் தாங்கிக்கொள்வதற்காக ஒருவர் மாறுகிறார். அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், இரண்டாம் பாதியின் துள்ளலுக்கு அடியில் இருக்கும் பதற்றம் நன்றாகவே புலப்படும்.

ஜார்ஜி ஃப்ரூட் நாற்பதுகளில் இருக்கும், பாலினத்தை ஒருமுறைக்கு மேல் மாற்றிக்கொண்ட ஒரு கறுப்பினத்தவர் என்று படைக்கப்பட்டவர். வெள்ளையரான ஒரு பாடகர் அத்தகைய வேடத்தைப் பூணுவது தகுமா என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். எனக்கும் அந்தப் படைப்பின் அந்தப் பகுதி முழுமையாக ஏற்புடையதன்று. ஏழாம் பாடலின் வலிமையை அது குறைத்துவிடவில்லை என்பது மட்டுமே என் கருத்து.

‘சைக்கடெலிக்’ என்றால் போதைப்பொருளைப் போற்றும் பாடல்களா? பிள்ளைகள் கேட்கலாமா?

1960களில் அந்த இசை வகை தோன்றியபோது போதைப்பொருளோடு தொடர்பு இருந்தது உண்மை. பின்னாளில் அது ஓர் ஒலிப்பாணியின் பெயராக நிலைத்துவிட்டது: அடுக்கடுக்கான குரல், எதிரொலி, எதிர்பாராத சுரமாற்றம், கனவுபோல் குதித்துச் செல்லும் வரிகள். இத்தொகுப்பில் ‘வேதிப்பொருள்’ என்று வரும் இடம், பாடுபவர் தன் மூளையின் வேதியியலிடம் தன்னை விட்டுவிடுமாறு மன்றாடுவதாகும். ஆயினும் வசைச்சொற்கள் உள்ளன. காமம் பற்றிய வெளிப்படையான வரிகளும் உள்ளன. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தர வேண்டாம்.

இதே பாடல்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றனவே. பிறகு எதற்குச் சிடி?

ஒரே ஒரு பாடல்மட்டும் பிடித்திருந்தால் சிடி தேவையில்லை, கைப்பேசியே போதும். விற்பவன் இப்படிச் சொல்லக்கூடாது என்று நண்பர்கள் கடிந்துகொள்கிறார்கள்.

முழுவதையும் வரிசையாகக் கேட்க விரும்புபவருக்குத்தான் சிடி பொருந்தும். செயலிகள் பல, கட்டணம் செலுத்தாதவருக்குப் பாடல்களைக் கலைத்துப் போடுகின்றன. இடையில் விளம்பரமும் வருகிறது. மூன்றாம் பாடலுக்குப் பின் பத்தாம் பாடல் வந்தால் ஜார்ஜி ஃப்ரூட் எங்கிருந்து வந்தார் என்பதே விளங்காது. ஒரு நிமிடம் ஓடும் இரண்டாம் பாடலைத் தனியாகக் கேட்டால் அது பாதியில் அறுந்த துண்டுபோல் இருக்கும். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் கேட்டால்தான் அது இரண்டையும் இணைக்கும் கண்ணியாகிறது. சிடியைச் செருகி ஓடவிட்டால் 12 பாடல்களும் ஏறத்தாழ 51 நிமிடத்தில் ஒரே ஓட்டமாக முடிந்துவிடும்.

ஒலித்தரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆடியோ சிடியில் ஒலி, வினாடிக்கு 44,100 மாதிரிகளாக, ஒவ்வொன்றும் 16 பிட் அளவில், இரு தடங்களில் சுருக்கப்படாமல் பதிவாகியுள்ளது. அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட். ஒரே தட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டு என்று ஒருகாலத்தில் பேருந்து நிலையங்களில் விற்ற எம்பி3 சிடிகளில், 128 கிலோபிட் அளவுக்குச் சுருக்கியவையே மிகுதி. குரலை இத்தனை அடுக்காகப் பதிவு செய்த ஒரு தொகுப்பில் அந்த வேறுபாடு காதுக்குத் தெரியவே செய்யும். பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தொங்கும் பெட்டியில் கேட்டால் தெரியாது என்பதும் உண்மை.

பழைய சிடியில் கீறல் இருந்தால் வாங்கலாமா?

எங்கே, எந்தத் திசையில் என்பதைப் பொறுத்தது. சிடியின் தடம் உள் ஓரத்தில் தொடங்கி வெளியே சுற்றிச் சுற்றி விரிகிறது. பழைய இசைத்தட்டுக்கு நேரெதிர். சுற்றுகளுக்கு இடையிலான தொலைவு 1.6 மைக்ரோமீட்டர். படிக்கும் கருவி, விடுபட்ட தரவைக் கணக்கிட்டு மீட்கும் பிழைதிருத்த முறையைக் கொண்டிருப்பதால், தடத்தின் நீளவாக்கில் 2.5 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியை முழுமையாகவே சரிசெய்துவிடும். எனவே நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, ஆரக்கால்போல் செல்லும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறு வெட்டை மட்டுமே உண்டாக்குவதால் பெரும்பாலும் தீங்கற்றது. வட்டவாக்கில் செல்லும் கீறலே ஆபத்தானது; அது ஒரே சுற்றை நெடுந்தொலைவு அழித்துவிடுகிறது. வட்டவட்டமாகத் துடைத்த சிடிகள் அந்தக் காரணத்தால்தான் வீணாகின்றன.

இந்தத் தொகுப்பில் நான் குறிப்பாகப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. ஏழாம் பாடலுக்கு முன் ஏறத்தாழ பதினெட்டரை நிமிட இசை உள்ளது. அந்தக் கணக்கின்படி, தட்டின் மையத்திலிருந்து ஏறக்குறைய 36 மில்லிமீட்டருக்கும் 43 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட வளையத்தில்தான் அந்த நீண்ட பாடல் இருக்கும். அந்த வளையத்தில் ஆழமான வட்டக் கீறல் இருந்தால், மற்றப் பதினொரு பாடல்களும் பழுதின்றி ஓடினாலும், கதை நடுவில் முறிந்துவிட்ட சிடி அது. எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் நான் எடுப்பதில்லை. மாறாக, 51 நிமிடம் மட்டுமே ஓடும் தொகுப்பு என்பதால் தட்டின் வெளி ஓரத்தில் சில மில்லிமீட்டர் அகலத்துக்குப் பாடலே கிடையாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பதிவான பகுதியும் வெற்றுப் பகுதியும் இருவேறு சாயலாகத் தெரியும். விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த அந்த விளிம்பைக் கண்டு பயந்து நல்ல சிடியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

அச்சிட்ட மேற்புறத்தில் கீறல் இருந்தால் பரவாயில்லை அல்லவா?

இது பரவலாக உள்ள தவறான நம்பிக்கை. 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக் கீழ்ப்புறத்தைக் காக்கிறது. ஒளியைத் திருப்பி அனுப்பும் அலுமினியப் படலமோ மேற்புறத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கும் அச்சு மைக்கும் அடியில்தான் இருக்கிறது. கீழ்ப்புறக் கீறலைப் பல நேரங்களில் மெருகேற்றிப் போக்கலாம். மேற்புறத்தில் அலுமினியம் பெயர்ந்துவிட்டால் அங்கிருந்த இசை போனது போனதுதான். சிடியைக் குழல்விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளைபோல் ஒளி கசிந்தால், எந்த இடத்தில் என்று குறித்துக்கொண்டு அந்தப் பாடலை ஓடவிட்டுக் கேளுங்கள். மேற்புறத்தில் விலைச்சீட்டை ஒட்டுவதும், ஒட்டியதைப் பிய்ப்பதும் கூடவே கூடாது.

இது அசல் சிடிதான் என்பதை எப்படி அறிவது?

தொழிற்சாலையில் அச்சான சிடியின் கீழ்ப்புறம் தூய வெள்ளி நிறமாக இருக்கும். வீட்டுக் கணினியில் பதிவு செய்ததில் சாயப்பூச்சு இருப்பதால் நீலமோ பச்சையோ வெளிர்மஞ்சளோ கலந்து தெரியும். நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற வளையத்தில் அச்சு எண் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். 1994க்குப் பின் வெளிவந்தவற்றில் ‘ஐஎஃப்பிஐ’ என்று தொடங்கும் நுண்ணிய குறியீடும் பெரும்பாலும் இருக்கும். அதைப் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டியிருக்கலாம். நான் விற்கும் பிரதியில் இரண்டும் உள்ளன. கேட்பவருக்குப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

வீட்டிலிருக்கும் பழைய டிவிடி பிளேயரில் ஓடுமா?

ஓடும். டிவிடிக்கான ஒளிக்கதிர் வேறு அலைநீளம் கொண்டதாயினும், அந்தக் கருவிகள் ஆடியோ சிடியையும் படிக்கும்படியே செய்யப்பட்டவை. பரணில் கிடக்கும் கருவியைத் தூசி தட்டி எடுங்கள். யூஎஸ்பி மூலம் இணைக்கும் டிவிடி டிரைவ் இருந்தால் மடிக்கணினியிலும் கேட்கலாம். பிளேஸ்டேஷன் 4, 5 ஆகியவை ஆடியோ சிடியைப் படிப்பதில்லை. புதிய கார்கள் பலவற்றில் சிடி செருகும் இடமே இல்லை.

கணினியில் ஏற்றி வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகையை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு உரிமை மீறலாகக் கருதுவதில்லை. நகலை மற்றவர்களுக்குப் பரப்புவது அதில் அடங்காது. ஏற்றும்போது எம்பி3க்கு மாறாக ஃபிளாக் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அது தரவை இழக்காமல் சுருக்குகிறது. எம்பி3 பாடலின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனத்தைச் சேர்த்துவிடுவதால், ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் பாடல்களுக்கு இடையே சில கருவிகளில் ஒரு தடுக்கல் கேட்கும். ஏற்றிக்கொண்டபின் சிடியை மறுபடியும் விற்றுவிடுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

எப்படித் துடைப்பது? எங்கே வைப்பது?

மென்மையான பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோடாகத் துடைக்க வேண்டும். பிசுக்கு இருந்தால் ஒரு சொட்டு மென்சோப்புக் கலந்த நீர் போதும். பெட்ரோல், தின்னர் ஆகியவை பிளாஸ்டிக்கை அரித்துவிடும். பற்பசையால் தேய்க்கும் வழக்கம் ஒன்று இங்கே உண்டு. மேலோட்டமான மங்கலை அது போக்கக்கூடுமெனினும், புதிய கீறல்களையும் உண்டாக்குகிறது என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

வைக்கும் இடம் ஊருக்கு ஊர் மாறுகிறது. தென்காசி, குற்றாலம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல்தான் கவலை: அட்டை நமுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், ராமபாணப் பூச்சியும் வரும். சுவரை ஒட்டி வைக்காமல், காற்றுப் புகும் அலமாரியில் நிறுத்தி வைக்க வேண்டும். வள்ளியூர், நாங்குநேரி, திசையன்விளைப் பக்கத்தில் காற்றோடு வரும் புழுதிதான் எதிரி. பாளையங்கோட்டையில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. எந்த ஊராயினும் அக்கினி நட்சத்திர வெயிலில் காரின் முன்தட்டில் விட்டுச் செல்லாதீர்கள். வளைந்த சிடியை நிமிர்த்த வழியில்லை. உறையிலிருந்து எடுக்கும்போது நடுப்பல்லை அழுத்தி விடுவித்து எடுங்கள். விளிம்பைப் பிடித்து இழுத்தால் துளையைச் சுற்றி விரிசல் விழும்.

ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. ஏமாற்றமாக இருக்குமா?

இந்த வரிகள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களையே அகராதியைத் தேட வைப்பவை. கிரேக்கப் புராணமும் ஐரோப்பிய இலக்கியமும் ஊடே வருகின்றன. முதல்முறை சொற்களை விட்டுவிட்டுக் குரல் எங்கே தளர்கிறது, எங்கே நிமிர்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அடுத்த முறை ஏழாம் பாடலுக்கு மட்டும் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அந்த ஒன்று விளங்கிவிட்டால் மற்றவை தாமாகவே வழிவிடும்.

பிடித்திருந்தால் அடுத்து எதைக் கேட்கலாம்?

ஜார்ஜி ஃப்ரூட் 2008இல் வெளிவந்த ‘ஸ்கெலிட்டல் லாம்பிங்’ என்னும் அடுத்த தொகுப்பிலும் தொடர்கிறார். அது இதைவிடச் சிதறலானது. ஒரே பாடலுக்குள் பல துண்டுகள் மாறி மாறி வருகின்றன. என்னிடம் அது இப்போது இல்லை.

இந்தப் பிரதியின் நிலை என்ன? விலையில் குறைப்பீர்களா?

தட்டின் கீழ்ப்புறத்தில் ஆரவாக்கில் இரண்டு மெல்லிய கீறல்கள் உள்ளன. முழுவதையும் ஓடவிட்டுக் கேட்டதில் எங்கும் தடங்கவில்லை. அட்டையின் முதுகுப்பகுதி வெயிலில் சற்று வெளுத்திருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் உள்பக்கத்தில் பேனாவால் எழுதிய பெயரை நான் அழிக்கவில்லை. விலை 600 ரூபாய். அஞ்சல் செலவு தனி. குறைப்பதற்கில்லை, ஆனால் பாளையங்கோட்டைக்கு நேரில் வருபவர்கள் ஏழாம் பாடலை முழுவதும் ஓடவிட்டுக் கேட்டபின் வேண்டாம் என்று சொல்லலாம்.

வெளியூருக்கு அனுப்புவீர்களா? உடைந்து வந்தால்?

விரைவு அஞ்சலில், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்து அனுப்புகிறேன். வழியில் பெரும்பாலும் உடைவது பிளாஸ்டிக் உறைதான். உறை மட்டும் உடைந்திருந்தால் மாற்று உறை அனுப்புவேன். தட்டிலேயே விரிசல் விழுந்திருந்தால், ஓடவிட்டுப் பார்க்காதீர்கள்: வேகமாகச் சுழலும்போது அது சிதறிக் கருவியையும் கெடுத்துவிடும். படம் எடுத்து அனுப்பினால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்.